செல்கள் எவ்வளவு சர்க்கரை தின்கின்றன? சுகர் மெஷினிலேயே பார்க்கலாம்

டர்பனில் நம்மவர் வீடுகளில் சுகர் மெஷின் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் புரதம்) சுரக்கும் மனிதச் செல்களின் தீனிக் கணக்கை அதில் எடுக்கலாம். (போனது போனதுதான். மறுபடி வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது.)

நான் வைத்திருப்பது ஆன்டிபாடி ஜீன் ஏற்றிய எச்.இ.கே. 293 செல்கள், அதாவது மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை. மீடியத்தில், அதாவது செல்கள் வளரும் ஊட்டக் கரைசலில், லிட்டருக்குக் குளுக்கோஸ் 25 மில்லிமோல், குளூட்டமின் என்ற அமினோ அமிலம் 4.

முதலில் இரண்டு பிளாஸ்க். ஒன்றில் மில்லிக்கு 5 லட்சம் செல்கள், மற்றதில் வெறும் மீடியம். இரண்டும் 37 டிகிரி இன்குபேட்டரில். வெறும் பிளாஸ்க் எதற்கு என்றால், குளூட்டமின் அந்தச் சூட்டில் தானாகவே சிதைந்து அம்மோனியா விடும். அதையும் செல்களின் தலையில் கட்டி ஒரு வார வேலையை வீணாக்கியவன் நான்.

அடுத்து மெஷினைப் பழக்க வேண்டும். அது ரத்தத்துக்கென்று செய்தது, மீடியத்தில் தப்பாகக் காட்டும். குளுக்கோஸ் இல்லாத மீடியத்தில் 5, 10, 15, 20, 25 என்று கலந்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்துக் கோடு வரையுங்கள். இந்த ஊர் மெஷின் மில்லிமோலிலேயே காட்டும். சென்னையிலிருந்து வந்தது 450 என்று காட்டினால் பதறாதீர்கள், 18-ஆல் வகுத்தால் அதே 25.

மறுநாள் அதே நேரத்தில் சாம்பிள் எடுங்கள். மின்வெட்டு அட்டவணை இருந்தால் அதைப் பார்த்து நேரம் குறிப்பது நல்லது. டிரிபன் புளூ என்ற சாயம் போட்டு உயிருள்ளவற்றை எண்ணுங்கள், செத்தவை நீலமாகத் தெரியும். மீதியை உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிவை அளங்கள். தாமதித்தால் செல்கள் டியூபிலேயே தின்றுகொண்டிருக்கும்.

சரி, கணக்கு. செல்கள் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாகி, குளுக்கோஸ் 25-லிருந்து 20-க்கு இறங்கியது என்று வையுங்கள். மில்லிக்கு 5 மைக்ரோமோல் செலவு. அதைச் சராசரி ஏழரை லட்சத்தால் வகுத்தால், ஒரு செல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 6.7 பிகோமோல் (மைக்ரோமோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிகோமோல்).

அப்புறம் லாக்டேட், அதாவது செல்கள் குளுக்கோஸை உடைத்து வெளியே விடும் கழிவு. ஓட்டப் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் மீட்டர் போதும், காம்ரேட்ஸ் மாரத்தானுக்குத் தயாராகிறவர் யாரிடமாவது இரவல் கேளுங்கள். அதையும் இதே மாதிரி பழக்க வேண்டும். ஒரு குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 2 லாக்டேட் வரும். லாக்டேட் 8 ஏறியிருந்தால் விகிதம் 1.6. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் செல்கள் சர்க்கரையைப் பெரும்பாலும் பாதியில் உடைத்து வெளியே தள்ளுகின்றன என்று அர்த்தம். அப்படித் தள்ளுவது அமிலம் என்பதால்தான் நிறங்காட்டி கலந்த மீடியம் மஞ்சளடிக்கிறது.

சில நாள் கழித்து லாக்டேட் இறங்கத் தொடங்கினால் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். செல்கள் அதையே தின்னத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் குளுக்கோஸை ஊற்றாமல், எவ்வளவு மிச்சம் என்று முதலில் பாருங்கள்.