கொழும்பில் குழந்தைக்கு மருந்து: பெயரில்லாத போத்தலை வாங்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து சிறு குழந்தையோடு கொழும்புக்குக் குடிவருகிறவர்களுக்கு அலுவல் காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தடுப்பூசி அட்டையோடு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள். இரு நாட்டு அட்டவணையும் ஒன்றல்ல. எது பாக்கி என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ஆம்புலன்ஸுக்கு நம் ஊர் 108 போல இங்கே 1990. பொரளையில் குழந்தைகளுக்கென்றே றிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். ஊரில் டாக்டர் சீட்டு எழுதுவார், மெடிக்கலில் வாங்குவோம். அட்டைப்பெட்டியில் எல்லா விவரமும் இருக்கும். இங்கே பல தனியார் டிஸ்பென்சரிகளில் வைத்தியரே மருந்தையும் கொடுத்துவிடுவார். மாத்திரை என்றால் சின்னக் காகித உறை, சிரப் என்றால் வெறும் பிளாஸ்டிக் போத்தல். மேலே வேளைக்கு எவ்வளவு என்று பேனாக் கிறுக்கல். உள்ளே இருப்பது என்னவென்று கடவுளுக்கும் கொடுத்தவருக்கும்தான் வெளிச்சம்.

வெள்ளவத்தையில் என் தோழியின் மகளுக்குக் காய்ச்சல். பன்னிரண்டு கிலோ எடை. டிஸ்பென்சரியில் இளஞ்சிவப்பு சிரப் கொடுத்தார்கள். இரவில் சூடு தணியவில்லை என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பாரசிட்டமாலையும் அவள் இடையிடையே ஐந்து மில்லி வீதம் கொடுத்தாள். அந்தச் சிவப்பு மருந்தும் பாரசிட்டமால்தான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் வாந்தி. வார்டில் முதல் கேள்வியே "என்னென்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பதுதான். தோழி போத்தலை நீட்டினாள். தாதி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டிஸ்பென்சரியோ மாலையில்தான் திறக்கும். அதுவரை இரத்தப் பரிசோதனையும் சேலைனுமாகக் கழிந்தது. பிள்ளை தப்பித்தாள். பிறகு போய்க் கேட்டதற்கு, "சாதாரணக் காய்ச்சல் மருந்துதானே" என்றாராம் டிஸ்பென்சரி வைத்தியர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கைப் பாருங்கள். குழந்தைக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. தோழியின் மகளுக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். தோழி கொண்டுவந்த போத்தலில் ஐந்து மில்லிக்கு 250. அந்த ஒரு கரண்டியே மிகை. அதே பாரசிட்டமால் ஐந்து மில்லிக்கு 120 என்றும் வருகிறது. கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 இருக்கும். "ஒரு கரண்டி" என்பது அளவே அல்ல.

ஊரில் காய்ச்சலுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் மெஃபனமிக் அமிலம், இபுப்ரோஃபென் சிரப்புகளை இங்கே தொடவே தொடாதீர்கள். கொழும்பு டெங்கு ஊர். டெங்குவில் அவை இரத்தக் கசிவை மோசமாக்கும்.

ஊரிலிருந்து பெட்டி நிறைய இருமல் மருந்தும் கொண்டுவர வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது; அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் இங்கே எத்தனை வீடுகளில் அலமாரியைக் குடைந்தார்கள் தெரியுமா? அட்டைப்பெட்டியை எறிந்துவிட்டவர்களுக்குத் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) எங்கே தேடுவதென்றே தெரியவில்லை. நீங்கள் சூட்கேஸில் கொண்டுவந்ததை இங்குள்ள எந்தக் கடையும் திரும்பப் பெறாது, யாரும் கூப்பிட்டு எச்சரிக்கவும் மாட்டார்கள்.

மருந்துக்குப் பிறகு உடம்பில் தடிப்போ, முகவீக்கமோ, வழக்கமில்லாத மயக்கமோ வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் 1990. பார்க்கும் வைத்தியரிடம், இதைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்தச் சபை, பக்கவிளைவு முறைப்பாடுகளைப் பெறுகிறது. ஆனால் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இல்லாமல் எதைப் பற்றி முறையிடுவது? குழந்தை குணமான பிறகும் கொஞ்ச நாள் போத்தலையும் பெட்டியையும் வைத்திருங்கள்.

டிஸ்பென்சரியில் கூச்சப்படாமல் "பெஹெதே நம லியலா தென்ன" என்று சிங்களத்தில் கேளுங்கள். மருந்தின் பெயரை எழுதித் தருவார்கள். முகம் சுளித்தால், மருந்து வேண்டாம், மருந்துச் சீட்டு மட்டும் போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவுக்கு நடையைக் கட்டுங்கள்.