ப்ளூ-ரே பிளேயரை சிடி டிரான்ஸ்போர்ட்டாக வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வீட்டில் சும்மா கிடக்கும் ப்ளூ-ரே பிளேயரை ஹை-ஃபை செட்டில் சிடி டிரான்ஸ்போர்ட்டாக வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். டிஸ்கில் உள்ள எண்களைப் படித்து, ஒன்றைக்கூட மாற்றாமல் டிஏசி என்ற ஒலிமாற்றிக் கருவியிடம் ஒப்படைப்பது மட்டுமே டிரான்ஸ்போர்ட்டின் வேலை. அதை இசையாக்குவது டிஏசியின் பொறுப்பு. சாதாரண ப்ளூ-ரே பிளேயருக்கே இது தாராளமாக முடியும். ஆனால் அது சினிமா பார்ப்பதற்காகச் செய்த கருவி. படத்துக்கு உதவட்டும் என்று அதில் வைத்திருக்கும் பல வசதிகள் சிடியின் எண்களில் கை வைத்துவிடும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதனால் வருபவைதான்.

முதலில், அதிகம் பேர் செய்வது. பிளேயரிலிருந்து எச்டிஎம்ஐ வயரை டிவிக்குக் கொடுத்து, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து (ஒலியை வெளிச்சமாக அனுப்பும் துளை) டிஏசிக்குப் போகிறார்கள். பாட்டு கேட்கிறது, அதனால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். சிடி என்பது 1980-இல் வகுத்த ரெட் புக் விதிப்படி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்; அதாவது ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். பல டிவிகள் எது வந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் ஆப்டிகலில் அனுப்பும். 44.1-ஐ 48 ஆக்க வேண்டுமானால் ஒவ்வொரு எண்ணையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். டிஸ்கில் இருந்த எண்களில் எதுவும் அப்படியே டிஏசிக்குப் போய்ச் சேராது. காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்பது வேறு விவாதம். நல்ல டிஏசிக்குக் காசு செலவழித்துவிட்டு, மாற்றும் வேலையை டிவியிடம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

ஆகவே பிளேயரிலிருந்து நேராக டிஏசிக்குப் போங்கள். அதற்கு முன், வாங்கும்போதே பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ தவிர வேறு எந்த அவுட்டும் இல்லாத பிளேயர்கள் இப்போது நிறைய வருகின்றன. சோனி யுபிபி-எக்ஸ்700-இல் கோஆக்ஸியல் (அதே எண்களைச் செம்பு வயரில் மின்சாரமாக அனுப்பும் அவுட்) உண்டு, பானசோனிக் டிபி-யுபி820-இல் ஆப்டிகல் உண்டு. 2018-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்திக்கொண்ட ஓப்போவின் பழைய பிடிபி-103-இல் இரண்டுமே இருக்கும். செகண்ட் ஹேண்டில் அதைத் தேடி அலைபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வெறும் எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயரை வாங்கிவிட்டு, ஒலியைப் பிரித்தெடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் மாட்டலாம் என்றால், அந்தப் பெட்டி 44.1-ஐ அப்படியே விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விலை மலிவானவற்றை நம்ப முடியாது.

அடுத்தது செட்டிங்ஸ். சங்கேதத்தைப் பிரிக்காமல் அனுப்பும் பிட்ஸ்ட்ரீமா, நேரடி எண்களாக அனுப்பும் பிசிஎம்மா என்று பலர் குழம்புகிறார்கள். அந்தத் தேர்வு டால்பி, டிடிஎஸ் ஒலி வரும் படங்களுக்கானது. சாதாரண சிடி எப்போதுமே பிசிஎம்தான். நீங்கள் தேடி அணைக்க வேண்டியவை வேறு: அப்சாம்ப்ளிங் (44.1-ஐ அதிக எண்ணிக்கைக்கு உயர்த்துவது), நைட் மோட், ஈக்வலைசர், ஒலியைச் சமப்படுத்தும் வசதி. பானசோனிக்கின் சில மாடல்களில் ரீமாஸ்டர், டிஜிட்டல் டியூப் சவுண்ட் என்ற பெயர்களில் வருபவையும் இந்த வகைதான். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

அணைத்த பிறகு டிஏசியின் டிஸ்ப்ளேயில் 44.1 என்று வந்தால் பாதி நிம்மதி. பாதிதான். ஏனென்றால் ஈக்வலைசரோ வால்யூம் கட்டுப்பாடோ எண்களை மாற்றினாலும் டிஸ்ப்ளே அதே 44.1-ஐத்தான் காட்டும். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. டிடிஎஸ் சிடி என்று ஒரு வகை உண்டு. பார்வைக்குச் சாதாரண சிடி, உள்ளே இருப்பது 5.1 ஒலியின் சங்கேதம். பிளேயரின் கோஆக்ஸியலை டிடிஎஸ் தெரிந்த ஏவி ரிசீவரில் செருகி, அந்த டிஸ்கைப் போடுங்கள். ரிசீவரில் டிடிஎஸ் என்று எரிந்து ஐந்து ஸ்பீக்கரிலும் பாட்டு வந்தால், பிளேயர் ஒரு பிட்டைக்கூட மாற்றவில்லை என்று உறுதியாக நம்பலாம். வழியில் எங்காவது வால்யூம் துளி குறைந்திருந்தால்கூட சங்கேதம் உடைந்துவிடும், பாட்டுக்குப் பதில் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல்தான் வரும். அந்த இரைச்சல் பலமாக வரும் என்பதால், வால்யூமை அடியோடு குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ரிசீவர் உங்களிடம் இல்லையென்றால், ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு பிளேயரை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

ஹைப்ரிட் எஸ்ஏசிடி (சிடி அடுக்கும், உயர்தர எஸ்ஏசிடி அடுக்கும் சேர்ந்த டிஸ்க்) போட்டால் டிஏசியில் சத்தமே வராமல் போகலாம். பிளேயர் பழுது இல்லை. எஸ்ஏசிடி அடுக்கில் டிஎஸ்டி என்ற வேறு முறையில் பதிந்த ஒலி கோஆக்ஸியல், ஆப்டிகல் வழியாக வெளியே வராது. செட்டிங்ஸில் சிடி அடுக்கைத் தேர்ந்தெடுங்கள், வந்துவிடும்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதும் தவறு, கையில் கிடைத்த சிவப்பு-வெள்ளை ஆடியோ வயரைச் செருகுவதும் தவறு. கோஆக்ஸியல் இணைப்புக்கு வேண்டியது 75 ஓம் வயர். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ வயர் சரியாக அந்த வகைதான், அதுவே போதும். ஆப்டிகல் வயரில் முனையின் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோமா என்று பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெரிவதால் அதைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு.

கோஆக்ஸியலா, ஆப்டிகலா என்று கேட்டால், கோஆக்ஸியலில் ஆரம்பியுங்கள் என்பேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற ஓசை கேட்டால் மட்டும் மாறுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்க டிவியும் எச்டிஎம்ஐயும் தேவைப்படும் வீடுகளில் இந்த ஓசை அடிக்கடி வரும். டிவியில் செருகிய கேபிள் வயரின் எர்த், எச்டிஎம்ஐ வழியாக பிளேயருக்கும், அங்கிருந்து கோஆக்ஸியல் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் வந்து ஒரு வளையமாகிவிடுகிறது. கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் அதுதான். ஆப்டிகலில் போவது வெளிச்சம் என்பதால் அந்த இணைப்பில் வளையம் அறுந்துவிடும்.

1980-களின் தொடக்கத்தில் வந்த சில சிடிகளை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறையில், உயர் சுருதிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிவு செய்து, கேட்கும்போது இறக்கும் வழக்கம் அப்போது இருந்தது. 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இந்தத் தூக்கல் சுமார் 9.5 டெசிபல். இறக்கச் சொல்லும் குறிப்பை பிளேயர் அனுப்பாவிட்டாலோ, டிஏசி அதைக் கண்டுகொள்ளாவிட்டாலோ ஜால்ரா காதைக் குத்தும். மற்ற சிடிகள் நன்றாக இருந்து, அந்த ஒன்று மட்டும் கூர்மையாகக் கேட்டால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள்.

லென்ஸைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்கைப் போடாதீர்கள். ப்ளூ-ரே லென்ஸ் டிஸ்குக்கு மிக நெருக்கத்தில் நின்று வேலை செய்வது. இந்த டிஸ்குகள் வேண்டாம் என்று சோனியின் கையேடுகளே சொல்கின்றன. சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் பாட்டின் தடத்தோடே ஓடும். சிடியின் பிழைதிருத்தம் தடத்தின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரைதான் சமாளிக்கும்.

பழைய பிளேயர் வாங்கப் போகும்போது, 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் சிடி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. தேய்ந்த இயந்திரம் முதல் பாட்டை ஒழுங்காகப் பாடிவிட்டு, ஓரத்துக்குப் போகும்போது திணறும். விற்பவர் முதல் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லி, முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.