குளிர்கால மனச்சோர்வுக்கு ஒளி சிகிச்சை: விளக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, எப்போது போடுவது

இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் தொடங்கி வசந்தம் வரும்வரை, எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் தீராமல், இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்களின் மீதும் நாட்டம் கூடி, எதிலும் பிடிப்பில்லாமல் நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள், பகல் சுருங்கும் வட நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். இது சோம்பலும் அல்ல, மன உறுதிக் குறைவும் அல்ல. 1984இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டு விவரித்த இந்த நிலைக்கு, காலையில் வலுவான வெளிச்சத்தின் முன் அமர்வது என்ற எளிய சிகிச்சை அப்போதிலிருந்தே கையாளப்பட்டு வருகிறது. விளக்கை வாங்கியும் பயன் இல்லை என்று கைவிடுபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் விளக்கு வைத்த தூரத்தில் பிசகு இருக்கும். இல்லையென்றால் நேரத்தில் இருக்கும். அதனால் இந்த இரண்டையும் மட்டும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

விழித்திரை நோய், மாகுலா எனப்படும் விழித்திரை நடுப்பகுதியின் சிதைவு, சர்க்கரை நோயால் வந்த கண் பாதிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கண் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. லித்தியம், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக், சில மனநோய் மருந்துகள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை மருந்து முதலியவை கண்ணையோ தோலையோ ஒளிக்குக் கூசும்படி ஆக்கக்கூடியவை என்பதால், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இருமுனை மனநிலைக் கோளாறு உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ இருந்திருந்தால், மனநல மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். காலை வெளிச்சம் அவர்களில் சிலரை, உற்சாகமும் வேகமும் கட்டுமீறும் மிகையெழுச்சி நிலைக்குத் தள்ளிவிடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறது என்றால் விளக்கு பிறகு இருக்கட்டும், அன்றைக்கே மருத்துவ உதவியை நாடுங்கள்.

விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டு விளக்கு ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. நன்றாக வெளிச்சமாக இருப்பதாக நாம் நினைக்கும் அறையில்கூடப் பொதுவாக 100 முதல் 500 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் ஒளி இருக்கும். வெயில் கொளுத்தும் நண்பகலில் வெளியே அது 1,00,000 லக்ஸ் வரை போகிறது. கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால் இந்த இடைவெளி நமக்குத் தெரிவதில்லை. இரவில் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை மனிதர்களிடம் அடக்குவதற்கு அறை வெளிச்சம் போதவில்லை, 2,500 லக்ஸ் அளவிலான ஒளி தேவைப்பட்டது என்று 1980இல் ஆல்பிரட் லூயி குழுவினர் காட்டினார்கள். அதனால்தான் தொடக்க கால ஆய்வுகளில் அந்த அளவு ஒளியின் முன் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. இப்போது வழக்கத்தில் உள்ள அளவு 10,000 லக்ஸ். இதற்கு 30 நிமிடம் போதும். 5,000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரமும், 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரமும் ஆகும்.

வெள்ளை ஒளி தருவதாகவும், புற ஊதாக் கதிர்களை வடிகட்டுவதாகவும், முகப்பு அகலமாகவும் உள்ள விளக்கைப் பாருங்கள். தோல் நோய்களுக்கும் சருமத்தைக் கறுக்க வைப்பதற்கும் விற்கப்படும் புற ஊதா விளக்குகள் முற்றிலும் வேறு. அவை கண்ணைக் கெடுத்துவிடும். நீல ஒளி மட்டும் தரும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன. அவை கண்ணைக் கூசச் செய்வதால், முதன்முறையாகத் தொடங்குபவருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூரத்தை அளத்தல்

பெட்டியின் மீது பெரிய எழுத்தில் 10,000 லக்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். எத்தனை சென்டிமீட்டரில் என்பது உள்ளே இருக்கும் கையேட்டில் சிறிய எழுத்தில் கிடக்கும். வாட் கணக்கு இங்கே உதவாது. உங்கள் கண் இருக்கும் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதுதான் கணக்கு. சிறிய ஒளிமூலம் என்றால் தூரம் இரட்டிப்பாகும்போது வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அகலமான விளக்கின் அருகில் அந்தச் சரிவு சற்று மெதுவாக இருந்தாலும், ஒரு கை நீளத்துக்கு அப்பால் நகர்ந்துவிட்டால் பெட்டியில் போட்ட எண்ணுக்குப் பொருளே இல்லை. நல்ல பெரிய விளக்குகள் 40 முதல் 60 சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் தருகின்றன. கையடக்கமான சில விளக்குகளுக்கு 20 சென்டிமீட்டர்வரை முகத்தை நெருக்க வேண்டியிருக்கும். அப்படி அரை மணி நேரம் உட்காருவது யாருக்கும் கைகூடாது.

எனக்கு முதல் குளிர்காலம் இதில்தான் வீணானது. அறை முழுவதும் வெளிச்சமாகட்டும் என்று விளக்கைப் புத்தக அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, எட்டடி தள்ளி அமர்ந்து பத்து நாள் காத்திருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கையேட்டைப் படித்து, அதில் சொல்லியிருந்த 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதன் ஒரு முனையை விளக்கின் தாங்கியில் கட்டினேன். தினமும் உட்கார்ந்தவுடன் மறுமுனையை இழுத்துப் புருவத்தில் தொட்டுப் பார்ப்பேன். எட்டவில்லையென்றால் நாற்காலியை முன்னே நகர்த்துவேன். நாற்காலி எப்படியோ தினமும் பின்னால் நகர்ந்துவிடும் என்பது இந்த நூலைக் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

விளக்கின் முகப்பு கண்மட்டத்துக்குச் சற்று மேலே, நேர் எதிரில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கட்டும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. கண்ணைத் திறந்துகொண்டு, பார்வை மேசையின் மீது இருந்தாலே ஒளி விழித்திரையில் விழுந்துவிடும். பார்ப்பதற்கு உதவும் செல்களுக்கு அப்பால், மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டு ஒளியை நேரடியாக உணர்ந்து, தூக்கத்தையும் விழிப்பையும் நேரப்படி நடத்தும் மூளையின் உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் தனிவகைச் செல்கள் விழித்திரையில் இருக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தியானம் செய்வதும், கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வதும் சிகிச்சையைப் பெரும்பாலும் வீணாக்கிவிடும். வழக்கமான பார்வைக் கண்ணாடியால் தடையில்லை.

நேரத்தைக் குறித்தல்

விழித்தெழுந்த ஒரு மணி நேரத்துக்குள் விளக்கின் முன் அமர்ந்துவிட வேண்டும். காலை ஒளி உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது, மாலை ஒளி பின்னுக்கு இழுக்கிறது. குளிர்கால மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு அந்தக் கடிகாரம் ஏற்கெனவே பிந்தி ஓடுகிறது என்பது பரவலாகப் பேசப்படும் விளக்கம். அலுவலகம் முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு விளக்கைப் போட்டால், தூக்கம் தள்ளிப்போய் மறுநாள் காலை இன்னும் பாரமாகிவிடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இயல்பாக ஒன்பது மணிக்கு எழுபவர், ஆர்வக் கோளாறில் ஐந்து மணிக்கே அலாரம் வைத்து விளக்கைப் போட்டால், அவருடைய உடலுக்கு அது இன்னும் நடு இரவுதான். உடல் வெப்பநிலை மிகத் தாழ்ந்திருக்கும் நேரம், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வருகிறது. அதற்கு முன் விழும் ஒளி கடிகாரத்தை நாம் வேண்டாத திசையில் நகர்த்தும். ஆகவே முதலில் இயல்பாக எழும் நேரத்திலேயே தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் முன்னால் கொண்டுவாருங்கள்.

அந்த அரை மணி நேரம்

சாப்பிடலாம், செய்தித்தாள் படிக்கலாம், கணினியில் வேலை பார்க்கலாம். எழுந்து எழுந்து போகாமல் இருந்தால் சரி.

முதல் இரண்டு வாரங்கள்

முதல் சில நாட்கள் 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒத்துக்கொண்டால் 30 நிமிடத்துக்குக் கூட்டுங்கள். தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், படபடப்பு ஆகியவை சிலருக்கு வரும். விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாலோ நேரத்தைக் குறைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், எண்ணங்கள் விரட்ட, பேச்சும் செலவும் கட்டுமீறினால், அதைக் குணமானதாக எண்ணி மகிழ வேண்டாம். விளக்கை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

ஒரு நோட்டில் எழுந்த நேரம், விளக்கு போட்ட நேரம், மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் என மூன்றே விவரங்களைத் தினமும் எழுதுங்கள். சிலருக்கு நான்கைந்து நாளிலேயே மாற்றம் தெரியும், பலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் மதிப்பெண் அசையவில்லை என்றால், முதலில் நூலை எடுத்துத் தூரத்தைப் பாருங்கள், அடுத்து நேரத்தைப் பாருங்கள், இரண்டும் சரியென்றால் அந்த நோட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்தும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இதற்கு உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் 27.3 சதவீதத்தினருக்கும் ஒளி சிகிச்சை பெற்றவர்களில் 45.6 சதவீதத்தினருக்கும் இரண்டாவது குளிர்காலத்தில் சோர்வு திரும்பியிருந்தது. விளக்கு அந்தந்தப் பருவத்துக்கான தீர்வு என்பதையே இது காட்டுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

எப்போது நிறுத்துவது

சற்றுத் தெளிந்துவிட்டது என்று நடுக்குளிர்காலத்தில் நிறுத்தினால், சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் பழைய பாரம் திரும்பிவிடும். வழக்கமாக உங்களுக்குச் சோர்வு தானாக விலகும் வசந்த வாரங்கள்வரை தொடர்ந்து, பிறகு நிமிடங்களைக் குறைத்துக்கொண்டே வந்து விடுங்கள். விளக்கை எடுத்து வைக்கும் நாளில், சென்ற இலையுதிர் காலத்தில் சோர்வு தலைகாட்டிய தேதியை நோட்டில் பார்த்து, அதற்கு இரண்டு வாரம் முந்திய தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கியில் கட்டிய நூலை மட்டும் அவிழ்க்க வேண்டாம்.