பொறியியல் படிக்க நினைக்கும் வடசென்னைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ மதிப்பெண் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நம் பகுதியில் பல வீடுகளில் பேச்சு இருக்கிறது. அதற்குள் கைநழுவிப் போயிருப்பவை பல.

முதல் சறுக்கல் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு நேர்கிறது. நண்பன் எடுத்தான் என்று தானும் ஒரு குரூப்பை எடுத்துவிடுவது. கணக்கு கசக்கிறது என்று, கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வின் பொதுப் பாடப்பிரிவில் இடமில்லை. இதைப் பதினைந்து வயதிலேயே யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

அதே சமயத்தில் பெற்றோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாநகராட்சிப் பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளி இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. இந்த வேறுபாடு தெரியாமல் பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றினால் அந்தச் சலுகை அத்தோடு போயிற்று.

அடுத்தது, கணிதத்தை மனப்பாடம் செய்வது. கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இயற்பியலில் 10 மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் 5 குறையும். கணிதத்தில் 10 போனால் 10 முழுதாகக் குறையும். ஆனால் என் கவலை மதிப்பெண்ணைப் பற்றியது மட்டுமல்ல. முக்கோணவியலும் வகைநுண்கணிதத்தின் அடிப்படையும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அந்த ஆண்டைப் பெயருக்கு ஒப்பேற்றிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவுகிறவர்கள், கல்லூரியின் முதல் பருவத்திலேயே கணிதத் தாளில் அரியர் வைக்கிறார்கள். ஐஐடி, என்ஐடி போன்ற கல்லூரிகளுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வை எழுத நினைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பாடமும் வேண்டும். அதன் முதல் கட்டமான ஜேஇஇ மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது இன்றும் பலருக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. இவ்வளவு இயந்திரங்களுக்கு நடுவே வளர்ந்தும் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. எண்ணூரில் லாரி தயாராகிறது, மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது, அத்திப்பட்டில் மின்சாரம் உற்பத்தியாகிறது. 1955இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில்தான் 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் உருவானது. அதன் அருகில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத பெரம்பூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்!

காசிமேட்டில் பழுது பார்க்க ஏற்றி வைத்திருக்கும் இரும்புப் படகின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். சுக்கானுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அது துத்தநாகம். உப்பு நீரில் இரும்பு அரிக்கப்படுவதற்குப் பதிலாக அந்தத் துத்தநாகம் கரைகிறது. கரைந்து தீர்ந்ததும் புதிதாக ஒன்றைப் பொருத்துகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் மின்வேதியியல் பாடத்தில் வரும் அரிமானத் தடுப்பு இதுதான். அங்கே வேலை செய்யும் அண்ணனிடம் 'இது எதற்கு?' என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்காது. வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரை (மின்தேக்கியை) மாற்றிவிட்டுப் போகிறார். அவர் பக்கத்தில் நின்று, பழையதில் எத்தனை மைக்ரோஃபாரட் (மின்தேக்குத் திறனின் அலகு) என்று எழுதியிருக்கிறது, அது பலவீனமானால் வேகம் ஏன் குறைகிறது என்று கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் படத்தோடு வரைந்து வையுங்கள். பெண் பிள்ளைகளை இந்த வேலைகளின் பக்கம் விடாமல் 'உனக்கெதற்கு?' என்று உள்ளே அனுப்புவதைப் பெற்றோர் இன்றே நிறுத்த வேண்டும்.

ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்குவதும் வேண்டாம். தமிழ் வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் இரு மொழியிலும் எழுதிப் பழகினால் முதலாண்டுத் திணறல் பெருமளவு குறையும்.

பாலிடெக்னிக் என்றால் இளக்காரம், ஐடிஐ என்றால் அதைவிட இளக்காரம் என்ற எண்ணம் வீண். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பங்களுக்கு இது மிக நல்ல வழி. கையில் தொழிலும் இருக்கும், பட்டத்துக்கும் தடையில்லை.

சான்றிதழ்களைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பதினொன்றாம் வகுப்பிலேயே சரிபாருங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பஸ் வசதியையும் விளம்பரப் பலகையையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறது; அதைப் பாருங்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே இடம் பிடித்துத் தருவதாக முன்பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் கல்லூரிக்கு நேரில் போய், அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பட்டறையில் லேத் எனும் கடைசல் இயந்திரத்தைத் தன் கையால் இயக்கியிருக்கிறாரா, வேடிக்கை மட்டும் பார்த்தாரா என்று கேளுங்கள்.