நேட்டாலுக்கு வந்த முன்னோரைத் தேட: முதலில் ஆண்டு, அப்புறம்தான் பெயர்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழர் யாரைக் கேட்டாலும் 1860 நவம்பர் 16 தெரியும். முதல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் அன்றைய நேட்டால் காலனிக்கு, அதாவது எங்கள் டர்பனுக்கு, வந்து சேர்ந்த நாள், ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்த நாளுக்கும் நம் அப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 1652இல் வான் ரீபெக் கேப்பில் இறங்கியதை மனப்பாடம் செய்தோம், 1838இல் ரத்த ஆற்றுப் போரை மனப்பாடம் செய்தோம். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களைப் பற்றிப் பாடம் இல்லை. இப்போது சாட்ஸ்வொர்த்தில் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இலக்கணம் அல்ல, "ஐயா, எங்கள் ஊர் எது, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பதுதான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

என் முறை இதுதான். ஆளைத் தேடும் முன், அந்த ஆள் எந்த ஆண்டில் எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தார் என்று பாருங்கள். நம் முன்னோரைப் பற்றி யாரும் ஆசைப்பட்டு எழுதிவைக்கவில்லை. ஒப்பந்தத்துக்காக எழுதினார்கள், வரிக்காக எழுதினார்கள், சொத்துப் பிரிக்க எழுதினார்கள். எந்தத் தேவைக்கு எழுதினார்கள் என்று தெரிந்தால் காகிதம் எங்கே கிடக்கும் என்றும் தெரியும். தேடல் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் அங்கே நமக்குத் தெரியாத வரலாறு ஒன்று இருக்கும்.

வீட்டில் தொடங்குங்கள்

பெரியவர்களிடம் "நாம் இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். "மெட்ராஸ்" என்பார்கள், அதோடு சரி. கப்பல் ஏறிய துறைமுகம் அது, அவ்வளவுதான். "ஆயா எந்த எஸ்டேட்டில் பிறந்தார்கள்? எந்தக் கோயிலில் காவடி எடுத்தார்கள்? மேகசின் பாரக்ஸில் இருந்தார்களா, கேட்டோ மேனரிலா? குலதெய்வம் யார்?" என்று கேளுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப், டொங்காட், உம்சிண்டோ என்று ஒரு தோட்டத்தின் பெயர் வாயில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கப்பல் பட்டியலில் முதலாளியின் பெயரும் இருக்கும். ஒரே பெயரில் இருபது முனுசாமி இருந்தால் அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

வீட்டில் கூப்பிட்ட பெயரையும் பதிவான பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள். எல்லோருக்கும் பாப்பா அத்தையாக இருந்தவர் காகிதத்தில் மங்கம்மாவாக இருப்பார். தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் அதை மேசை நடுவில் வைக்காதீர்கள். எங்கள் பெரியம்மா அதைப் பார்த்ததும் வானொலியில் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் அலமாரிக் காகிதங்கள். தாத்தா பாட்டி காலத்துப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் நேட்டால் அரசு ஓர் எண் கொடுத்தது. இங்கே 'காலனியல் நம்பர்' என்போம். பெயர் நாலு விதமாக எழுதப்படும், எண் மாறாது. இந்த எண் கிடைத்தவர்கள் அடுத்த பகுதியின் பாதியைத் தாண்டிப் போகலாம்.

கப்பல் பட்டியல்

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாக வந்தவர்கள். இவர்களின் கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கேட்கலாம். டர்பனில் உள்ள 1860 மரபு மையத்திலும் வழி சொல்வார்கள்.

முதலில் ஆண்டைச் சரிபாருங்கள். "எங்கள் தாத்தாவின் தாத்தா 1870இல் வந்தார்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். 1866க்கும் 1874க்கும் நடுவில் ஒப்பந்தக் கப்பல் எதுவும் வரவில்லை. காலனியில் பொருளாதாரம் சரிந்து ஆள் எடுப்பது நின்றது. 1871இல் ஊர் திரும்பியவர்கள் இங்கே பட்ட அடியையும் பிடித்த சம்பளத்தையும் மதராஸில் புகாராகச் சொன்னார்கள். விசாரணைக் குழு 1872இல் உட்கார்ந்து, கூலிகளுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவி வந்த பிறகுதான் மறுபடி ஆள் அனுப்ப இந்திய அரசு சம்மதித்தது. ஆகவே குடும்பக் கதையில் 1870 என்று வந்தால் அந்த இடைவெளிக்கு முன்னால் ஆறு ஆண்டுகளையும் பின்னால் ஏழெட்டு ஆண்டுகளையும் தேடுங்கள்.

இரண்டாவது, யாரைத் தேடுகிறீர்கள் என்று பாருங்கள். நேட்டாலில் பிறந்தவர் கப்பல் பட்டியலில் இருக்கமாட்டார். குடும்பப் பெயரை வைத்தும் தேடாதீர்கள். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு எல்லாம் பெரும்பாலும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. வந்தவரின் சொந்தப் பெயர், அவருடைய அப்பா பெயர், இவை இரண்டுதான் பட்டியலில் உண்டு. எழுத்தரின் காதில் விழுந்ததுதான் எழுத்து. குப்புசாமி ஆங்கிலத்தில் 'கே'யிலும் தொடங்குவார், 'சி'யிலும் தொடங்குவார். வீராசாமியில் ஒரு 'ஈ', இரண்டு 'ஈ' இரண்டையும் போட்டுப் பாருங்கள். 'சாமி'யை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் தேடுவது நல்ல வழி.

ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று காட்ட என் கொள்ளுப்பாட்டியின் வரியையே சொல்கிறேன். எண், முனியம்மா, தந்தை பெயர், வயது 22, பெண், சாதி, மாவட்டம் வட ஆற்காடு, வட்டம், ஊர், உயரம், அங்க அடையாளம்: வலது புருவத்துக்கு மேல் தழும்பு. அடுத்த வரியில் இரண்டு வயதுப் பையன், முனியம்மாவின் மகன் என்ற குறிப்போடு. அதற்கு மேலும் கீழும் கணவன் என்று யாரும் இல்லை. எங்கள் வீட்டில் சொல்லிவந்ததோ கொள்ளுத்தாத்தாவும் பாட்டியும் கைகோத்து வந்த கதை. தாத்தா வேறொரு கப்பலில் மூன்று ஆண்டு முன்பே வந்தவர். இங்கே வந்துதான் சேர்ந்திருக்கிறார்கள்.

இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில் ஆள் ஏற்ற வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் கணக்கை நிரப்பத் தரகர்கள் விதவைகளையும், புருஷனை விட்டு வந்தவர்களையும், பஞ்சத்தில் தனியானவர்களையும் தேடிப்பிடித்தார்கள். அந்த விதி தெரியாமல் வரியைப் படித்தால் பாட்டியைப் பற்றித் தப்பாக நினைக்கத் தோன்றும். தெரிந்து படித்தால், கைக்குழந்தையோடு கடல் தாண்டிய 22 வயதுப் பெண் தெரிவாள். என் தங்கைக்கு அந்தத் தழும்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. படம்கூட இல்லாத ஒருத்தியின் முகத்தில் ஓர் இடம் தெரிந்துவிட்டதே என்றாள்.

சாதிப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பட்டியல்களில் 'மலபார்' என்று இருந்தால் கேரளம் என்று ஓடாதீர்கள். அந்தக் காலத்தில் தமிழரை அப்படி எழுதினார்கள். தெலுங்கரை 'ஜென்டூ' என்றார்கள். மற்றபடி, கப்பலேறும்போது சொன்னதும் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இங்கே வந்த பிறகு பெயரோடு சேர்த்து அதையும் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் பேசிவந்த பெருமைக்கும் பட்டியலுக்கும் ஒத்துவராதபோது சிலர் காகிதத்தையே மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம் உங்கள் பிள்ளைகளுக்கும் சொந்தம், மறைக்காதீர்கள் என்பேன்.

எண் கிடைத்த பிறகு

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். போகும் முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டுக் கோப்பு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது இறந்தவர்களின் சொத்துக் கோப்பு. அதில் மரண அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கும். பெற்றோர், துணை, பிள்ளைகள், பிறந்த இடம் எல்லாம் ஒரே தாளில். சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லாதவருக்கும் சிலசமயம் கோப்பு இருக்கிறது. இவற்றில் சிலவற்றை ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இங்கேதான் இரண்டு புதிர்கள் வரும். ஒன்று, ஒப்பந்தம் முடிந்த ஆள் மறுபடி மறுபடி ஏன் ஒப்பந்தம் எழுதினார்? 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருந்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு என்பதுதான் கூலி. ஐந்தாம் ஆண்டில் பதினான்கு ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், நாலு மாதக் கூலிக்கு மேல். பின்னால் இதைப் பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் நீட்டினார்கள். உங்கள் தாத்தாவுக்குத் தோட்டத்தின் மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு, நாலு பிள்ளை பெற்ற பிறகு ஏன் திருமணப் பதிவு? 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதமுறையில் நடந்த திருமணம் இங்கே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தில் பெண்கள் இறங்கியதற்கு அதுவும் காரணம். தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழ்நாட்டிலும் தெரியும்; அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. 1914 இந்திய நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது, ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்கள் திருமணத்தைப் பதிவு செய்யவும் வழிவிட்டது. ஆகவே கல்யாணத் தேதியை மூத்த பிள்ளையின் வயதை வைத்துத் தேடாமல் 1914க்குப் பிறகும் தேடுங்கள்.

பட்டியலில் ஆளே இல்லையென்றால், ஒப்பந்தமில்லாமல் சொந்தச் செலவில் வந்த 'பயண இந்தியரா' என்று பாருங்கள். மொரிஷியஸ் வழியாக வந்த தமிழரும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியோடு சேர்ந்து போராட்டத்தை நடத்திய தம்பி நாயுடுவே மொரிஷியஸில் பிறந்தவர். அப்படியானால் மொரிஷியஸில் மோகா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன, சிலவற்றில் படமும் உண்டு.

ஊரைப் பிடிப்பது

பழைய மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் வையுங்கள். வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. சித்தூரும் 1911 வரை அதில்தான் இருந்தது. இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ் பேசிய குடும்பத்தின் ஊர் ஆந்திரத்தில் வந்தால் குழம்ப வேண்டாம். தென்னாற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் வட்டத்துக்கு வட்டம் இருக்கும். வட்டத்தின் பெயர் இல்லாமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள். ஊருக்குப் போனால் பெயரை மட்டும் சொல்லி விசாரித்துப் பயனில்லை, நூற்று முப்பது ஆண்டுக்கு முந்திய முனியம்மாவை யார் அறிவார்? குலதெய்வத்தைச் சொல்லுங்கள். கோயில் எந்தத் திசை என்று உடனே காட்டுவார்கள், அந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள் யார் என்று பூசாரிக்குத் தெரிந்திருக்கும்.

குடும்ப மரம் எழுதும்போது கதையையும் காகிதத்தையும் கலக்காதீர்கள். வாய்மொழியைப் பென்சிலால் எழுதுங்கள், பதிவில் கண்டதை மையால் எழுதிப் பக்கத்தில் கோப்பு எண் போடுங்கள். எங்கே தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். எழுதியதை வெருளத்தில் ஒரு உறவினரிடமும் பீனிக்ஸில் ஒருவரிடமும் கொடுத்துவைத்தால், அடுத்து யாராவது காப்பகத்துக்குப் போகும்போது அதே கோப்பை மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்காது.