எதிர்த்துணிக்கை: உயர்தரப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

ஹட்டனோ பண்டாரவளையோ, உயர்தரப் பௌதிகவியல் விடைத்தாள்களைத் திருத்தினால் "இலத்திரனின் எதிர்த்துணிக்கை புரோத்தன்" என்ற வரி எங்காவது தலைகாட்டும். ஏற்றம் எதிராக இருக்கிறதே, போதாதா? போதாது. திணிவு சமமாக இருக்க வேண்டும். புரோத்தனோ இலத்திரனைவிட ஏறத்தாழ 1836 மடங்கு கனம். இதற்காகப் பிள்ளைகளை ஏச எனக்கு மனம் வராது. இலத்திரனுக்கான தன் சமன்பாட்டிலிருந்து வந்த நேரேற்றத் துணிக்கை புரோத்தனாக இருக்கலாம் என்றுதான் 1930இல் பௌதிகவியலாளர் டிராக்கும் நினைத்தார். மறு வருடமே அதை விட்டுவிட்டு, இலத்திரனின் திணிவையே கொண்ட புதிய துணிக்கை என்றார். 1932இல் அண்டர்சன் என்ற பௌதிகவியலாளர், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் பொசித்திரன்.

சிலர் மறுபக்கம் போய் எல்லாவற்றையும் தலைகீழாக்கி, திணிவுக்கும் மறைக்குறி போட்டுவிடுகிறார்கள். திணிவு மறையாக இருந்தால் இலத்திரனும் பொசித்திரனும் சேரும்போது மொத்தச் சக்தி பூச்சியம்தான் வரும். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஓய்வில் இருந்து அழிந்தால் 1.022 மெகா இலத்திரன்வோல்ட் வெளிவருகிறது. அதையும் ஒரே காமாப் போட்டனாக (ஒளித்துணிக்கையாக) எழுதக்கூடாது. தொடக்க உந்தம் பூச்சியம். தனிப் போட்டன் ஒன்றுக்கு உந்தம் பூச்சியமாக இருக்கவே முடியாது. ஆகவே தலா 0.511 கொண்ட இரண்டு, எதிரெதிர்த் திசைகளில் போகின்றன. உடலுக்குள் படம் எடுக்கும் பெட் ஸ்கேன் இயந்திரம் நோயாளியைச் சுற்றித் தேடுவது இந்தச் சோடியைத்தான். எதிர்ச்சடம், அதாவது எதிர்த்துணிக்கைகளால் ஆன சடம், மேல்நோக்கி விழும் என்பதும் சரியில்லை: எதிர் ஐதரசன் கீழேதான் விழுகிறது என்று 2023இல் சேர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வுகூடத்தின் பரிசோதனை காட்டிவிட்டது.

ஏற்றமில்லாவிட்டால் எதிர்த்துணிக்கை இல்லை என்பதும் தவறு. நியூத்திரனுக்குள் இருப்பவை குவார்க்குகள் என்ற இன்னும் அடிப்படையான துணிக்கைகள், எதிர்நியூத்திரனுக்குள் எதிர்க்குவார்க்குகள். போட்டன் போன்ற சில மட்டும் தமக்குத் தாமே எதிர்த்துணிக்கை.

எதிர்ச்சடம் என்றாலே வெளிநாட்டு ஆய்வுகூடம் என்று நினைக்கவும் வேண்டாம். அண்டக் கதிர்கள் வளியில் மோதிப் பிறக்கும் மியூவான்கள் (இலத்திரனைப் போன்ற, ஆனால் கனமான துணிக்கைகள்) கடல்மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று வீதம் விழுகின்றன. அவற்றில் பாதிக்குச் சற்று மேல் நேரேற்றம் கொண்ட எதிர்மியூவான்கள். நுவரெலியா உயரத்தில் கொழும்பைவிடக் கொஞ்சம் கூடவே விழும்.

அப்புறம் பீற்றாத் தேய்வு: கரு ஒன்று இலத்திரனையோ பொசித்திரனையோ வெளியிட்டு மாறுவது. புள்ளி அதிகம் பறிபோவது இங்கேதான். இலத்திரன் வெளிவந்தால் கூடவே எதிர்நியூத்திரினோ, பொசித்திரன் வெளிவந்தால் நியூத்திரினோ என்ற ஏற்றமில்லாத மிக இலேசான துணிக்கை. குழம்பினால் லெப்தன் எண்ணைக் கூட்டுங்கள்: இலத்திரன், நியூத்திரினோ போன்ற லெப்தன்களுக்கு +1, அவற்றின் எதிர்த்துணிக்கைகளுக்கு −1, கருவுக்குப் பூச்சியம். தேய்வுக்கு முன் பூச்சியம், பின்னும் பூச்சியம் வர வேண்டும்.