மூன்று சர்வர், ஒரே பட்டியல்: ஆன்சிபிளில் பயனர் கணக்குகள்

சேலம் அலுவலகத்தில் இரண்டு உபுண்டு லினக்ஸ் சர்வர்கள், ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்குக்காக ஒன்று. யாராவது வேலைக்குச் சேர்ந்தால் மூன்றிலும் தனித்தனியாக நுழைந்து கணக்கு திறப்பேன். ஒருவர் வேலையை விட்டுப் போய்ப் பல மாதம் கழித்துப் பார்த்தால், ஏற்காட்டில் மட்டும் அவருடைய கணக்கு அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபிள் என்ற மென்பொருளுக்கு மாறினேன்.

இதில் "கணக்கைத் திற" என்று கட்டளை போடுவதில்லை. "இந்தக் கணக்கு இருக்க வேண்டும்" என்று எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதியபடியே இருந்தால் ஆன்சிபிள் அதைத் தொடாது.

முதலில் உங்கள் லேப்டாப்பில் ஆன்சிபிளை நிறுவுங்கள். சர்வர்களில் எஸ்எஸ்ஹெச்சும் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) பைத்தான் மொழியும் இருந்தால் போதும். இன்வென்டரி என்ற கோப்பில் மூன்று முகவரிகளையும் எழுதுங்கள். அடுத்து பிளேபுக், அதாவது சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பு. இது வரிகளை உள்தள்ளி எழுதும் யாமல் வடிவம். டேப் விசையைத் தொடாதீர்கள், இடைவெளிக்கு ஸ்பேஸ் மட்டும்தான். ரூட் உரிமை, அதாவது முழு நிர்வாக உரிமை வேண்டும் என்பதால் 'பிகம்' என்பதற்கு 'ட்ரூ' கொடுங்கள்.

குழுவை முதலில் உருவாக்குங்கள். இல்லாத குழுவில் ஆளைச் சேர்க்கச் சொன்னால் பிழை வரும். பிறகு கணக்குகளைக் கவனிக்கும் யூசர் மாட்யூலில் பெயர், ஷெல் (கட்டளைகளை வாங்கும் நிரல்), குழு. யூஐடி எனும் பயனர் அடையாள எண்ணையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். நான் 2001இலிருந்து தொடங்கினேன். லினக்ஸ் கோப்பில் உரிமையாளரின் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். சர்வருக்கு சர்வர் எண் மாறினால், நகலெடுத்த கோப்பு வேறொருவர் பெயரில் போய் நிற்கும்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதாதீர்கள். ஹாஷ் செய்ததை, அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றியதைத்தான் தர வேண்டும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். கணக்குப் பிரிவுக் குழுவில் என் பெயரையும் சேர்த்தேன், 'அப்பெண்ட்' (இருப்பதோடு சேர்) போட மறந்தேன். அது இல்லையென்றால் 'எழுதிய குழுக்கள் மட்டும் போதும்' என்று ஆன்சிபிள் புரிந்துகொள்ளும். மூன்றிலும் நிர்வாக உரிமை தரும் சூடோ குழுவிலிருந்து நான் வெளியே! சேலத்தில் இருந்த இரண்டையும் அன்றே சரிசெய்தேன். மூன்றாவதற்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், சர்வரை ரெக்கவரி மோடில் (பழுதுபார்க்கும் நிலை) ஏற்றி, என்னை நானே திரும்பச் சேர்த்துக்கொண்டேன். ஆகவே 'அப்பெண்ட்' என்பதற்கு 'ட்ரூ', மறக்கவே கூடாது.

ஓட்டுவதற்கு முன் 'செக்', 'டிஃப்' இரண்டு விருப்பங்களையும் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எது மாறப்போகிறது என்று காட்டும், எதையும் மாற்றாது. அப்புறம் நிஜமாக ஓட்டி, உடனே இன்னொரு முறையும் ஓட்டுங்கள். 'சேஞ்ச்டு' (மாறியவை) எண் 0 என்று வந்தால் சரி.

ஒருவர் போய்விட்டால் பட்டியலில் அவர் வரியை அழித்துவிடாதீர்கள். வரி இல்லையென்றால் ஆன்சிபிள் அந்த ஆளை மறந்துவிடும், கணக்கு சர்வரிலேயே கிடக்கும். வரியை வைத்துக்கொண்டு 'ஸ்டேட்' (நிலை) என்பதை 'ஆப்சென்ட்' (இருக்கக் கூடாது) ஆக்குங்கள். 'ரிமூவ்' சேர்த்தால் அவருடைய ஹோம் கோப்புறையும் போய்விடும், அதனால் தேவையானதை முன்பே எடுத்துவிடுங்கள். மற்ற இடங்களில் அவர் விட்டுப்போன கோப்புகள் பழைய எண்ணோடுதான் இருக்கும். அந்த எண்ணைப் புதிதாக வருபவருக்குக் கொடுத்தால், கோப்புகளும் அவருக்கே சொந்தமாகிவிடும்.